புகையிலை காப்பாற்றியது யாரை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த வர்ஜீனியாக் குடியேற்றத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்க வரலாறு என்றாலே 1776-இலிருந்து தொடங்கிவிடும் நம் இதழ்களில், அதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முந்திய கதைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆயினும், பக்கத்தின் நடுவே கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருந்த ‘பசியால் அழிந்துகொண்டிருந்த குடியேற்றத்தைப் புகையிலை காப்பாற்றியது’ என்ற வாக்கியம்தான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. அந்த வாக்கியத்தை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு அடுத்த பத்திகளில் கட்டுரையாளர் 1622-இல் பூர்வகுடிகள் நடத்திய தாக்குதலைத் ‘திடீர்த் துரோகம்’ என்றும், 1676-இல் வெடித்த கலகத்தை ‘ஏழைகளின் விடுதலைப் போர்’ என்றும் தனித்தனிச் சம்பவங்களாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, இவை எல்லாமே அந்தப் புகையிலைக் கணக்கில் எழுதப்பட்ட பற்றுகள் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

என் தந்தையார் வேடசந்தூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் மெல்லும் புகையிலை பயிரிட்டவர். கடுகைவிடப் பல மடங்கு சிறிய அந்த விதையைச் சாம்பலோடு கலந்து நாற்றங்காலில் தூவும் நாள் முதல், அறுத்த இலையைப் பாடம் பண்ணி மூட்டை கட்டும் நாள் வரை, அந்தச் செடி வீட்டில் ஒருவரையும் சும்மா உட்கார விடாது. நுனிக்கொழுந்தைக் கிள்ள வேண்டும்; கிள்ளியதும் கணுவுக்குக் கணு கிளம்பும் பக்கக் கிளைகளை ஒடிக்க வேண்டும்; இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் புழு பொறுக்க வேண்டும். மாலையில் வீடு திரும்பும்போது உள்ளங்கை முழுவதும் பிசின் படிந்து கறுத்திருக்கும். புளி போட்டுத் தேய்த்த பிறகும் சோற்றுக் கவளம் கசக்கும். வர்ஜீனியாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கப்பல்களையும் ஆளுநர்களையும் பற்றி நிறையவே எழுதுகிறார்கள். அந்தச் செடி தன்னைப் பயிரிடுபவனிடம் என்ன கேட்கும் என்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அது புது மண்ணைக் கேட்டது, ஓயாத கைகளைக் கேட்டது. மற்றதெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

1607 மே மாதத்தில் மூன்று கப்பல்களில் வந்திறங்கிய 104 ஆண்களும் சிறுவர்களும் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ்டவுன் கோட்டையை எழுப்பியபோது, அவர்களை அனுப்பிவைத்த லண்டன் வர்ஜீனியா கம்பெனியின் பங்குதாரர்கள் எதிர்பார்த்தது தங்கம். கிடைத்ததோ சதுப்பு நிலமும், உவர்ப்பேறிய குடிநீரும், காய்ச்சலும். 1609-10 குளிர்காலப் பஞ்சம் முடிந்தபோது கோட்டைக்குள் உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 60 பேர்தாம். பிணத்தைத் தின்று பிழைத்தார்கள் என்ற அக்காலக் குறிப்புகளை மிகை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அகழாய்வில் கிடைத்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டில் இருந்த வெட்டுத் தடங்கள் 2013-இல் அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தன. இந்த நிலையில்தான் குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரால்ஃப் வருகிறார். பூர்வகுடிகள் அங்கே வளர்த்துவந்த புகையிலை காரமும் கசப்பும் மிக்க வேறு இனம். லண்டனில் விலைபோனது ஸ்பானியர் தங்கள் அமெரிக்கக் குடியேற்றங்களில் விளைவித்த இனிய இனம். அந்த இனத்து விதையை ரால்ஃப் 1612 வாக்கில் விதைத்துப் பார்த்தார். 1614-இல் முதல் சரக்கு கப்பலேறியது. 1617-இல் 20,000 ராத்தலாக இருந்த ஏற்றுமதி 1629-இல் 15 லட்சம் ராத்தலைத் தொட்டது. புகைபிடிக்கும் பழக்கத்தைச் சாடி 1604-இல் தனியாக ஒரு சிறுநூலே எழுதி வெளியிட்ட முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பெயரைத் தாங்கிய ஊர், அந்தப் புகையிலையாலேயே வாழத் தொடங்கியதையும், அதன் சுங்க வரியை மன்னர் மறுக்காமல் வாங்கிக்கொண்டதையும் கட்டுரையாளர் சுவையாகவே எழுதியிருக்கிறார்.

ஆனால் பசி தீர்ந்ததா? தீரவில்லை என்பதற்குக் குடியேற்றத்தின் சட்டங்களே சாட்சி. இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடாதவன் புகையிலை நடக்கூடாது என்று 1616-இல் அங்கே அதிகாரத்தில் இருந்த தாமஸ் டேல் ஆணையிட வேண்டியிருந்தது. மறு ஆண்டு சாமுவேல் ஆர்கல் பொறுப்பேற்க வந்து இறங்கியபோது, தேவாலயம் விழுந்து கிடந்தது, கோட்டை வேலி சிதைந்திருந்தது, நல்ல தண்ணீர்க் கிணறு பாழாகியிருந்தது. கடைத்தெருவிலும் வீதியிலும் இண்டு இடுக்கிலும் புகையிலை மட்டும் செழித்து நின்றது. 1607-க்கும் 1624-க்கும் இடையில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறியவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். 1625-இல் தலை எண்ணியபோது இருந்தவர்கள் சுமார் 1,200 பேர். பங்குதாரர்களாவது பிழைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1624-இல் கம்பெனியின் சாசனமே பறிக்கப்பட்டு, குடியேற்றம் மன்னரின் நேரடி ஆட்சிக்குள் போயிற்று. ஆகவே ‘குடியேற்றத்தைக் காப்பாற்றியது’ என்பதை ஏற்றுக்கொண்டாலும், குடியேறியவர்களைக் காப்பாற்றியது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

மண்ணின் கதைக்கு வருகிறேன். ஒரே நிலத்தில் மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து புகையிலை போட்டால் சத்து வற்றிவிடும். பிறகு அதை இருபது ஆண்டுகள் போலத் தரிசாக விட்டுவைக்க வேண்டும். சாணமும் எருவும் போட்டால் இலையின் சுவை கெடும் என்று அந்நாட்டுப் பண்ணைக்காரர்கள் நம்பினார்கள். அதனால் பத்து ஏக்கரில் பயிரிடுபவனுக்கு அதைப்போலப் பல மடங்கு நிலம் கைவசம் வேண்டும். அதுவும், லண்டன் கப்பல் நேரே தோட்டத்துப் படித்துறைக்கு வந்து பீப்பாய்களை ஏற்றிக்கொள்ள வசதியாக ஆற்றங்கரையில் வேண்டும். காட்டை அழிப்பது ஆண்டுக்கணக்கான வேலை. ஆற்றோரத்தில் ஏற்கெனவே திருத்தப்பட்டுக் கிடந்த நிலம் ஒன்றுதான் இருந்தது. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான போவ்ஹாட்டன் மக்களின் சோளக் கொல்லை.

போவ்ஹாட்டன் தலைவரின் மகள் போகஹாண்டஸ் ரால்ஃபை மணந்த 1614 முதல் எட்டு ஆண்டுகளைக் கட்டுரையாளர் ‘பொற்கால அமைதி’ என்கிறார். (அந்தப் பெண்ணை 1613-இல் ஆர்கல் கடத்திக்கொண்டு போய்ப் பணயமாக வைத்திருந்ததையும் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.) என் பார்வையில் மோதல் முற்றியதே அந்த அமைதிக்குள்தான். அம்பு பயம் இல்லாததால் பண்ணைகள் கோட்டையை விட்டு வெளியேறி, ஆற்றின் இரு கரையிலும் மேல்நோக்கி மைல் கணக்கில் நீண்டன. 1616-இல் 351 பேராக இருந்த குடியேற்றத்துக்கு, 1619-க்குப் பிந்திய மூன்றே ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். போகஹாண்டஸ் 1617-இல் இங்கிலாந்தில் இறந்தார். சுமார் முப்பது இனக்குழுக்களைத் தன் கீழ் வைத்திருந்த அவருடைய தந்தை வாஹுன்செனகா மறு ஆண்டு இறந்தார். தலைமைக்கு வந்த ஒபெச்சங்கனோ பார்த்துக்கொண்டிருந்தது, தன் மக்களின் ஆற்றங்கரை ஆண்டுதோறும் சுருங்குவதை. 1622 மார்ச் 22 காலையில் அவருடைய ஆட்கள் வழக்கம்போல வியாபாரத்துக்கு வருவதுபோல் பண்ணை வீடுகளுக்குள் நுழைந்து, அங்கிருந்த கருவிகளையே எடுத்து 347 பேரைக் கொன்றார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு ஆண்டு நில இழப்பின் முடிவில் நடந்ததைத் ‘திடீர்’ என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு நடந்ததைக் கட்டுரை இரண்டே வரியில் கடந்துவிட்டது. தாக்குதல் நடந்த அதே ஆண்டில், கம்பெனியின் சார்பில் எட்வர்ட் வாட்டர்ஹவுஸ் என்பவர் லண்டனில் அச்சிட்டு வெளியிட்ட அறிக்கையில், இதுவரை மென்மையால் கட்டுண்டிருந்த நம் கைகள் இப்போது அவிழ்ந்துவிட்டன, இனி அவர்கள் திருத்தி வைத்திருக்கும் ஊர் நிலங்களில் நாமே குடியிருக்கலாம் என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார். 1623 மே மாதத்தில், சமாதானம் பேசலாம் என்று அழைக்கப்பட்டு வந்த பூர்வகுடிகளுக்கு உடன்பாட்டைக் கொண்டாடும் பானமாக நஞ்சு கலந்த மது கொடுக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுப் போரில் ஆங்கிலேயப் படைகள் பெரும்பாலும் புறப்பட்டது கதிர் முற்றும் சமயம் பார்த்து. துரோகம் என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது சரியாகாது. 1644-இல் முதிர்ந்த வயதில் ஒபெச்சங்கனோ இன்னொரு முறை தாக்கினார். பிடிபட்டு, ஜேம்ஸ்டவுன் காவலில் ஒரு சிப்பாயால் முதுகில் சுடப்பட்டு இறந்தார். 1646 உடன்படிக்கை பூர்வகுடிகளை யார்க் ஆற்றுக்கு வடக்கே ஒதுக்கியது. சில ஆண்டுகளில் பண்ணைகள் அந்த ஆற்றையும் தாண்டின.

இனி, கைகளைப் பற்றி. ஓர் ஆள் ஒரு பருவத்தில் பார்த்துக்கொள்ளக்கூடியது இரண்டு மூன்று ஏக்கர் புகையிலைதான் என்பதால், நிலம் எவ்வளவு இருந்தாலும் ஆள் இல்லாதவனுக்கு வருமானம் இல்லை. கம்பெனி 1618-இல் இதற்கு ஒரு வழி கண்டது: தன் செலவில் ஓர் ஆளை அழைத்து வருபவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். ஆளும் வந்தான், அவன் பெயரால் நிலமும் வந்தது. இப்படித் தலைக்கணக்கில் நிலம் கோரிய ஜார்ஜ் மெனிஃபி என்ற பண்ணைக்காரரின் 1635-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒருவர் இருக்கிறார்; சென்னைக் கோட்டைக்கு ஆங்கிலேயர் இடம் வாங்குவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, நம் பக்கத்துக் கடலைக் கடந்த ஒருவரின் தலை அங்கே 50 ஏக்கராக எழுதப்பட்டிருக்கிறது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைக்க ஒப்பந்தக் கைநாட்டு வைத்த ஆங்கிலேய ஏழைகள். மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற பண்ணையிலிருந்து ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற இளைஞன் 1623-இல் பெற்றோருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியது முதல் பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும்தான் சாப்பாடு என்றும், ஒரு பென்னி ரொட்டியை நான்கு பேர் பங்கிட்டுத் தின்கிறோம் என்றும், தன் மேலங்கியைக் கூட இருந்தவனே திருடிவிட்டான் என்றும் எழுதிவிட்டு, எப்படியாவது பணம் கட்டி என்னை மீட்டுவிடுங்கள் என்று அவன் கெஞ்சுகிறான். புகையிலை விலை உச்சத்தில் இருந்த காலம் அது. இருநூறு ஆண்டுகள் கழித்து மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் ஊர்க்காரர்களாகிய நமக்கு இந்தக் கடிதத்தின் குரல் புதிதாக இருக்காது.

1619 ஆகஸ்டில், லுவாண்டாவிலிருந்து வந்த போர்ச்சுகீசிய அடிமைக் கப்பலிலிருந்து பறிக்கப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் உணவுப் பொருளுக்கு மாற்றாகக் கைமாற்றப்பட்டார்கள். அன்றே அடிமைச் சட்டம் எழுதப்பட்டுவிட்டதுபோல் கட்டுரை சொல்வது சரியன்று. அது துண்டு துண்டாக, தேவைக்கேற்பத் தைக்கப்பட்டது. 1621-இல் வந்த ‘அந்தோனியோ’ என்ற ஆப்பிரிக்கர் விடுதலை பெற்று, ஆண்டனி ஜான்சன் என்ற பெயரில் 1651-இல் 250 ஏக்கர் நிலத்துக்கே உரிமையாளரானார். மறுபுறம், 1640-இல் சேர்ந்து ஓடிப்போன மூன்று வேலையாட்களில் ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதல் ஆண்டுகள் விதித்த நீதிமன்றம், ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு மட்டும் ஆயுள் முழுவதும் ஊழியம் என்று தீர்ப்பளித்தது. 1662-இல், குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று சட்டம் வந்தது. 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று இன்னொரு சட்டம் வந்தது.

இவ்வளவுக்கும் இடையில் இலையின் விலை சரிந்துகொண்டே வந்தது. 1619-இல் கூடிய முதல் சட்டமன்றம் நல்ல இலைக்கு ராத்தலுக்கு மூன்று ஷில்லிங் என்று விலை நிர்ணயித்தது. 1660-களில் பண்ணைக்காரன் கைக்கு வந்தது ஒரு பென்னி, சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. அதே ராத்தலுக்கு இங்கிலாந்துத் துறைமுகத்தில் அரசு வசூலித்த சுங்கம் இரண்டு பென்னி. வேறு நாட்டுக்கு நேரே விற்கவும் கடல் வணிகச் சட்டங்கள் விடவில்லை. ஓராண்டு பயிரிடாமல் விட்டு விலையை ஏற்றலாம் என்று 1666-இல் வர்ஜீனியாவும் அண்டைக் குடியேற்றங்களும் பேசி முடித்த ஏற்பாட்டை மேரிலாண்டின் உரிமையாளரான பால்டிமோர் பிரபு ஏற்க மறுத்தார். 1667 ஆகஸ்டில் வீசிய பெரும்புயல் அவர்களால் முடியாததைச் செய்துவிட்டுப் போயிற்று. விலை விழுந்தால் ஏக்கரைக் கூட்டு, ஏக்கரைக் கூட்டினால் விலை இன்னும் விழும் என்ற இந்தச் சுழலில், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த வெள்ளைக்கார ஏழைக்கு ஆற்றோர நிலம் மிச்சமில்லை. எல்லைக்குப் போய்ப் பூர்வகுடிகளின் பக்கத்தில் குடியேற வேண்டும்; அல்லது பழைய எஜமானிடமே குத்தகைக்கு நிற்க வேண்டும். 1670-இல் நிலமற்றவர்களின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. தன் குடிகளில் ஏழில் ஆறு பங்கினர் ஏழைகள், கடனாளிகள், மனக்குறை உடையவர்கள், போதாக்குறைக்கு ஆயுதமும் வைத்திருப்பவர்கள் என்று ஆளுநர் வில்லியம் பெர்க்லி 1676-இல் புலம்பியது சும்மா இல்லை.

அந்த ஆண்டுக் கலகத்தில் நத்தானியேல் பேக்கன் அந்த ஏழைகளின் தலைவராக எழுந்தார் என்பது உண்மை. அவர் ஏழை அல்லர் என்பதும், ஆளுநருக்கே உறவு முறை ஆகும் புதுப் பண்ணை முதலாளி, ஆளுநரின் ஆலோசனைக் குழு உறுப்பினர் என்பதும் அதே அளவு உண்மை. ஆளுநருக்கும் அவருக்கும் பிளவு வந்தது, பூர்வகுடிகள் எல்லோர்மீதும் போர் தொடுக்கத் தனக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும் என்று அவர் கேட்டதில். பூர்வகுடிகளில் சஸ்குவஹன்னா இனத்தாரைத் தண்டிக்கப் புறப்பட்டவர், அவர்களைத் தாக்க உதவிய ஒக்கனீச்சி இனத்தாரையே அடுத்துக் கொன்று குவித்தார். 1676 செப்டம்பர் 19 அன்று ஜேம்ஸ்டவுனைக் கொளுத்திய பேக்கன், அக்டோபரில் சீதபேதியால் மாண்டார். எஞ்சியிருந்த கலகக்காரர்களைக் கப்பல் தலைவர் கிரந்தம் நயந்து பேசிச் சரணடையச் செய்தபோது, ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்தவர்களில் சுமார் எண்பது கறுப்பர்களும் இருபது ஆங்கிலேய வேலையாட்களும் சேர்ந்து நின்றார்கள். பண்ணை முதலாளிகளைக் கலங்கடித்தது அந்தச் சேர்க்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒப்பந்த ஆட்களின் வரத்து குறைந்ததும், ஆப்பிரிக்க அடிமைகள் கிடைப்பது எளிதானதும் காரணங்கள்தாம். ஆனால் 1705 சட்டத் தொகுப்பைப் பார்த்தால், ஒப்பந்தம் முடிந்த வெள்ளைக்கார வேலையாளுக்குச் சோளமும் முப்பது ஷில்லிங்கும் ஒரு துப்பாக்கியும் கொடுத்து அனுப்பும்படி சொல்லும் அதே சட்டம், வெள்ளையர்மீது கை ஓங்கும் கறுப்பருக்கு முப்பது கசையடி என்கிறது. இதில் ‘ஏழைகளின் விடுதலை’ எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

கலக ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எல்லைப் போருக்கு ஆட்கள் அனுப்பும்படி கேட்பதற்காகப் பூர்வகுடிகளான பமுன்கி இனத்தாரின் தலைவி கோக்ககோஸ்கேயைச் சட்டமன்றக் குழுவின் முன் வரவழைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் டோட்டோபொட்டொமாய் ஆங்கிலேயருக்குத் துணையாகப் போரிட்டுத் தன் ஆட்களோடு மடிந்தவர். அதற்கு ஈடாக எதுவும் வந்து சேரவில்லை. குழுத் தலைவர் ஆள் கணக்கைக் கேட்டதும் கோக்ககோஸ்கே கால் மணி நேரம் உரத்த குரலில், டோட்டோபொட்டொமாய் இறந்துவிட்டார், இறந்துவிட்டார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நெடுநேரம் வற்புறுத்திய பின் பன்னிரண்டு பேரைத் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். சில வாரங்களில் பேக்கனின் படை அவருடைய மக்களையே தாக்கியது. அவர் சதுப்புக் காட்டுக்குள் ஓடித் தப்பினார். 1677-இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் அவரே. அந்த உடன்படிக்கையின்படி பமுன்கி மக்களும் மட்டபோனை மக்களும் இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் ரிச்மண்ட் நகருக்கு மான் கொண்டுவந்து வர்ஜீனியா ஆளுநரிடம் கொடுக்கிறார்கள். பமுன்கி இனத்தாரை அங்கீகரிக்கும் முடிவை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2015-இல் அறிவித்தது. தங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தி அவர்களை ‘வரலாற்றிலிருந்து மறைந்துபோன இனம்’ என்கிறது. மற்றவற்றில் கட்டுரையாளருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்த ஒரு வரிக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேடசந்தூர்.